நடுவில் அந்தப் பணம் எங்கே இருந்தது?

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகச் செங்கல்பட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். அங்கே அதிகாரியாக இருக்கும் ரேவதி என்னிடம் பயிற்சி எடுத்த பெண். நான் போன நேரம் அவள் எதிரில் ஒருவர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் இருந்ததைவிட அதிகமாகப் பணம் போய்விட்டதாம். அவர் கேட்காமலே அது ஓவர்டிராஃப்ட் ஆகிவிட்டதாம். அதற்கு வங்கி அபராதமும் பிடித்துவிட்டதாம். ரேவதி பொறுமையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் உனக்கு என் மேல் இருக்கிற மரியாதை போய்விடும் என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பரீட்சை எழுதி வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்போதெல்லாம் கையால் எழுதும் பேரேடுதான். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு பைசா இடிக்கும். அந்தத் தொண்ணூறு பைசாவைத் தேடி மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முடித்துவிடலாமே என்று யாராவது சொன்னால், கொலை செய்துவிட்டு வந்தவரைப் பார்ப்பது போலத் தலைமை எழுத்தர் அவரைப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முதல் நாள் சாயங்காலம் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். கிளையின் மொத்தக் கணக்கும் ஒரு பைசா பிசகாமல் கூடி நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலை ஏறிச் சாமி கும்பிட்ட போதுகூட நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சொல்வது எனக்கு வேதவாக்கு.

இதெல்லாம் பழைய கதை. சொல்ல வந்தது அதற்கு வெகு காலம் கழித்து நடந்தது. அதிகாரியாகப் பதவி உயர்ந்து, மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்னக் கிளையில் இருந்தேன். ஒரே காசாளர். கூட்டம் மட்டும் பெரிய கிளைக் கூட்டம். படகுக்காரர்கள், ரிசார்ட்டில் வேலை செய்பவர்கள், கல் வேலைக்காரர்கள், நாவலூர்ப் பக்கம் கம்பெனிகளில் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள். உப்புக் காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடித்து நெட் இணைப்பு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒரு செலானை வாங்கி, பணத்தை எண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விடும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காசாளர் பணத்தை எண்ணி வாங்க வேண்டியது, செலானில் முத்திரை குத்தி அடிக்கட்டையைக் கிழித்துக் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பக்கமே திரும்பக் கூடாது. செலான் நிறையச் சேர்ந்ததும் ரப்பர் பாண்டு போட்டு ஒரு கட்டாக என்னிடம் தந்துவிட வேண்டும். இணைப்பு நன்றாக இருக்கிற நேரம் பார்த்து நான் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவேன். வரிசை பாதியாகக் குறைந்தது. மண்டல அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பக்கத்துக் கிளைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ‘கட்டு முறை’ என்று நானே அதற்குப் பேரும் வைத்தேன். பணம் வாங்கிய கையோடு கணக்கில் ஏற்ற வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அது எனக்கும் தெரியும். அப்போதிருந்த மேலாளர் கண்டுகொள்ளவில்லை, எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்த மேலாளர் மாற்றலாகிப் போய், சபாபதி சார் வந்தார். குள்ளமான, சத்தம் வராமல் நடக்கிற மனிதர். கூட்டுகிறவரிலிருந்து வட்டாட்சியர் வரை எல்லாரும் அவருக்கு ‘வாங்க’தான். எதிரில் இருப்பவர் நின்றுகொண்டு பேசினால் அவரும் எழுந்து நின்றுவிடுவார். புகார் என்று யாராவது வந்தால் உடனே பதில் சொல்ல மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க’ என்று ஆரம்பிப்பார். வந்தவர் ஆமாம் என்று தலையாட்டும்வரை வேறு பேச்சே கிடையாது. ஒரு நாள் ஒரு படகுக்காரர் இருபது நிமிடம் கத்தியதை இவர் மூன்று வாக்கியத்தில் திருப்பிச் சொன்னார். படகுக்காரர் வாயைப் பிளந்துவிட்டு, ‘நான் சொன்னதவிட நீ சொல்றது நல்லாக்கீது நைனா’ என்றார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. எனக்கு அப்போது இதெல்லாம் நேரத்தை வீணாக்குகிற வேலையாகத்தான் பட்டது. மூன்று பேர் வேலையை நான் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒருவருக்கு அரை மணி நேரம் கொடுக்கிறாரே என்று எரிச்சலாக இருக்கும்.

அவர் வந்து மூன்று மாதம் இருக்கும். ஏழுமலை என்று ஒரு வாடிக்கையாளர் என் மேஜைக்கு வந்தார். கருங்குழிப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, எங்கள் கிளையில் கடனும் வாங்கி, இரண்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கடலோரக் கிராமங்களிலிருந்து துப்புரவு வேலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் நாவலூரில் விட்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் தொழில். ஒரு வேனை அவரே ஓட்டினார். கடன் தவணை மாதா மாதம் ஐந்தாம் தேதி. காலை பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துக்கொள்ளும். கணக்கில் பணம் போதாவிட்டாலும் எடுத்துவிடும். எடுத்துவிட்டு, அனுமதி இல்லாமல் ஓவர்டிராஃப்ட் போனதாகச் சொல்லி அபராதம் போடும், வட்டி போடும், அபராதத்துக்கு வரியும் போடும். ஏழுமலைக்கு அப்படி ஏழு மாதம் விழுந்திருந்தது.

அபராதத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அந்த வருடம் எல்லா வேன்காரர்களிடமும் வங்கியிலிருந்து ஒரு சான்று கேட்டிருந்தார். கணக்கு ஒழுங்காக நடக்கிறது என்று எழுதி வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஒப்பந்தம் போனால் இரண்டு வேனுக்கும் தவணை கட்ட முடியாது. வேன்களை நாங்கள்தான் ஜப்தி செய்வோம். நான் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தேன். ‘ஏழு முறை ஒழுங்கீனம்’ என்று வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒழுங்கான கணக்கு என்று எப்படிச் சான்று தருவது என்று கேட்டேன்.

அவர் ஏழு அடிக்கட்டைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஏழும் ஐந்தாம் தேதிக்கு உரியவை. ஏழிலும் எங்கள் முத்திரை இருந்தது. ஒப்பந்தக்காரர் நாலாம் தேதி சாயங்காலம் ரொக்கமாகத் தருவார், அதை மறுநாள் காலையில் வண்டி போகிற வழியில் கட்டிவிடுவேன் என்றார். தேதி சரிதான், ஆனால் தவணை நேரத்துக்கு முன்பு கட்டினீர்களா பின்பு கட்டினீர்களா என்று இதில் இல்லையே என்றேன். கம்ப்யூட்டரில் கடைசி மாதம் உங்கள் பணம் பன்னிரண்டு நாற்பதுக்கு ஏறியிருக்கிறது, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றும் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ‘மேடம், நான் பத்து இருவதுக்கெல்லாம் பணத்த கட்டிட்டு வண்டி எடுத்துட்டேன். பதினொரு மணிக்கு என் கணக்குல காசு இல்லன்னு உங்க மெஷின் சொல்லுது. பன்னெண்டு நாப்பதுக்கு வந்துச்சின்னும் அதே சொல்லுது. நடுவுல அந்தக் காசு எங்க இருந்திச்சி?’ என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் கட்டு முறை ஒரு நொடி மனசில் வந்து போயிற்று. வந்ததை அப்படியே அமுக்கிவிட்டேன். இவர் மதியம் கட்டிவிட்டுக் காலையில் கட்டியதாகச் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. ஏழு மாத அபராதத்தையும் தள்ளுபடி செய்து தருகிறேன், என் அதிகாரத்துக்குள் அது வரும், ஒரு மனு மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன். சும்மா சொல்லக் கூடாது, அது சின்னத் தொகை இல்லை. வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மனுவில் இன்னா எழுதணும் என்று கேட்டார். தவறு நடந்துவிட்டது, மன்னித்துத் தள்ளுபடி செய்யவும் என்று எழுத வேண்டும் என்றேன்.

‘தள்ளுபடி வேணாம் மேடம்’ என்றார். ‘தப்பு பண்ணவனுக்குத்தான் தள்ளுபடி. நான் இன்னா தப்பு பண்ணேன்?’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிய வருவதை வேண்டாம் என்கிறவரை நான் என்ன செய்ய? மேலாளரைப் போய்ப் பாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டேன்.

சபாபதி சார் எழுந்து நின்று முழுவதும் கேட்டார். பிறகு வழக்கம்போல் திருப்பிச் சொன்னார். ‘பணத்தை நேரத்துக்குக் கட்டினேன், ஏறலை. அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க. அபராதம் போறதைவிட, நான் ஒழுங்கானவன்னு எழுத்துல வேணும். சரியா?’ என்றார். ஏழுமலை தலையாட்டினார். அப்புறம், சரிதான் சார் என்றார். நேரத்துக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று சார் கேட்டார். வண்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு துணிப்பையோடு வந்தார். பை நிறைய டிரிப் ஷீட்.

கம்பெனி வண்டி ஓட்டுபவர்கள் ஒவ்வொரு நாளும் அந்தத் தாளை எழுத வேண்டும். எங்கே எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, கிலோமீட்டர் எவ்வளவு, எத்தனை பேர் ஏறினார்கள். கடைசியில் நாவலூர் கேட்டில் காவலாளி நேரம் போட்டு முத்திரை குத்துவார். வழியில் ஐந்து நிமிடம் நின்றாலும் காரணம் எழுத வேண்டும். ஏழு ஐந்தாம் தேதிகளிலும் ஏழுமலையின் குண்டு குண்டான எழுத்தில், ‘பேங்க், 10.05 நின்றது, 10.25 எடுத்தது, ஆட்கள் 18’ என்ற மாதிரி இருந்தது. நிமிடம் மட்டும் முன்னே பின்னே. கேட் முத்திரை ஒன்றிலும் பதினொன்றரையைத் தாண்டவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த மனிதர் எங்கள் கவுன்ட்டரில் நின்றிருக்கவே முடியாது. அந்த வண்டிக்குள் பதினெட்டுப் பெண்கள் வேறு காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

நான் அசந்து போனேன். வங்கியில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய நான் ஒரு நாளைக்கூட இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்ததில்லை. ஆனால் அசந்து போனதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தாளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் சார் என்றேன். சபாபதி சார் என்னைப் பார்த்தார்.  ஏழுமலையிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டார்.

அன்று மத்தியானம் வவுச்சர் அறையிலிருந்து அந்த ஏழு நாள் கட்டுகளையும் எடுத்துவரச் சொன்னார். ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு செலானாகப் புரட்டினார். காசாளர் வாங்கிய வரிசையில் மூலையில் பென்சிலால் எண் போட்டிருப்பார். ஏழுமலையின் செலான் ஒரு நாள் எட்டாவது, ஒரு நாள் பதினோராவது. பத்து மணிக்குத் திறக்கும் கிளையில் எட்டாவது ஆள் பன்னிரண்டு நாற்பதுக்கா வருவார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். கட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து காசாளருக்குப் பின்னால் உட்கார்ந்தார். கையில் ஒரு முழுத்தாள். நடுவில் கோடு. ஒவ்வொரு செலானையும் காசாளர் வாங்கும்போது இடது பக்கம் நேரம் எழுதினார். கட்டு என் மேஜைக்கு வந்து, நான் ஏற்ற ஏற்ற, எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வலது பக்கம் நேரம் எழுதினார். தேநீர் வந்தது, குடிக்கவில்லை. வெளியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள், மத்தியானம் வரச் சொல்லிவிட்டார். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, மாற்றச் சொல்லவில்லை. எப்போதும் செய்வதையே செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.  என் வேலையை முப்பது வருடத்தில் ஒருவர் இப்படிப் பார்த்ததில்லை. பாராட்டியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், பார்த்ததில்லை.

மூன்றரை மணிக்கு அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். நூற்றுச் சொச்சம் வரி. முதல் வரியில் இடது பக்கம் 10.04, வலது பக்கம் 12.31. கீழே வரை அதே கதைதான். ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி, இரண்டு மணி நேர இடைவெளி. நான் படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியும் சார் என்றேன். அன்றைக்கே தெரியும் என்றேன்.  அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இணைப்பு சரியில்லாத இடத்தில் வரிசையைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தது நல்ல எண்ணம்தான், நாளையிலிருந்து வாங்கியதும் ஏற்றிவிடலாம், வரிசை நீளட்டும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். தள்ளுபடி செய்து கோப்பை மூடுங்கள், எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று அங்கிருந்து சொன்னது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. சார் பொறுமையாக, ‘நீங்க சொல்றதை நான் திருப்பிச் சொல்றேன் சார், சரியான்னு பாருங்க’ என்றார். ‘தப்பு நம்மளுது. ஆனா அதை அவர்கிட்ட எழுத்துல சொல்லக் கூடாது. சரியா?’

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆமாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில், உங்கள் இஷ்டம், உங்கள் பொறுப்பு என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவருடைய அந்தப் பழக்கத்தை நேரவிரயம் என்று நினைத்தவள் நான். அதன் பலம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கடிதத்தில் மூன்றே வாக்கியம். ஏழுமலை அவர்கள் கீழ்க்கண்ட ஏழு நாட்களிலும் தவணை நேரத்துக்கு முன்பே போதுமான பணத்தைக் கட்டியிருக்கிறார். அதை உரிய நேரத்தில் கணக்கில் ஏற்றாதது இந்தக் கிளையின் தவறு. ஏழு நாட்களிலும் அவருடைய கணக்கு ஒழுங்காகவே இருந்தது. கீழே அவர் கையெழுத்து. என் பேர் அதில் எங்கும் வரவில்லை. மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தபோது, அந்த முறையைப் புகுத்தியது நான் என்று தனியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். என் அடுத்த பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போனது. வருத்தமாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏழுமலை கடிதத்தை வாங்கி, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை அசைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு மேலாளருக்கு ஒரு வணக்கம், எனக்கும் ஒரு வணக்கம்.  ஒப்பந்தம் அவருக்கே புதுப்பித்துக் கிடைத்தது. நான் அத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

சபாபதி சாருக்கு அது அத்தோடு முடியவில்லை. இவர் வந்து கேட்டார், கேட்காதவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கேட்டார். ஐந்தாம் தேதி பதினொரு மணிக்கு ஏழுமலைக்கு மட்டுமா தவணை எடுத்தோம்? மகளிர் குழுக் கடன், நகைக் கடன் வட்டி, எல்லாமே அந்தத் தேதிதான். பணம் கட்டிய அதே நாளில் ஓவர்டிராஃப்ட் அபராதமும் விழுந்த கணக்குகள் எவை என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். ஒரே நிமிடத்தில் பட்டியல் வந்தது. நூறைத் தாண்டிய கணக்குகள். இரண்டு வருடமாக என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். பட்டியலின் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும்.

மத்தியான வேளைகளில் இருவரும் உட்கார்ந்து செலானை எடுத்துச் சரிபார்த்தோம். ஆறு வாரம் ஆயிற்று. ஒப்புதல் வாங்க இன்னும் கொஞ்ச நாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லார் கணக்கிலும் பணத்தைத் திருப்பி ஏற்றினோம். யாரும் கேட்டு வராத பணம். ஒவ்வொரு வரியாகத் திரையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாருடைய முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை பத்தே கால் இருக்கும். காசாளர் விடுப்பில் இருந்ததால் கவுன்ட்டரில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலையின் வேன் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து கன்னியம்மா என்ற ஒரு பெண் இறங்கி வந்தார். நாவலூரில் ஏதோ ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. பட்டியலில் அவர் பேரும் உண்டு. குழுக் கடன் கணக்கு, பதினோரு மாத அபராதம். நீலச் சீருடைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, வரிசையில் நின்று, முறை வந்ததும் பாஸ்புக்கை விரித்து என் பக்கம் தள்ளினார். சனிக்கிழமை அவர் பதிந்து வாங்கிக்கொண்டு போனதில் அந்த வரவு அச்சாகியிருந்தது.

‘மேடம், என் கணக்குல யாரு காசோ வந்து வுழுந்துகீது. நான் தொடல, அப்டியே கீது. எடுத்துக்கோங்க’ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘இதுக்கு எதுனா ஃபைன் கீன் போட்டுடாதீங்க மேடம்’ என்றார்.

 அது உங்கள் பணம்தான், நாங்கள் தப்பாகப் பிடித்துவிட்டோம், அதைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறோம் என்று எப்படியோ சொன்னேன். எப்போது பிடித்தீர்கள் என்று கேட்டார். மாதா மாதம் என்றேன். பாஸ்புக்கில் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அது தெரியும் என்றார். என் காசை வைத்துக் காப்பாற்றுவதற்கு நீங்கள் எடுத்துக்கொள்கிற கூலி என்று நினைத்திருந்தேன் என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களே, உங்களுக்கும் கூலி வேண்டாமா என்பது மாதிரிதான் சொன்னார்.

பதினோரு மாதம். ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண் இரண்டு மூன்று நாள் துடைத்த தரையின் காசை நான் எடுத்திருக்கிறேன், அவர் அதை எனக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்று விட்டுக் கொடுத்திருக்கிறார். தன்னுடையது இல்லை என்று நினைத்த பணம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுத் திருப்பித் தர வந்திருக்கிறார். அவரைப் பார்க்கவே எனக்குத் திகைப்பாக இருந்தது.

நான் எழுந்து, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்தேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று, எடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான், என் வேலை சுளுவாக வேண்டும் என்று செய்தேன், அதில் உங்கள் காசு போய்விட்டது என்றேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

கன்னியம்மா பாஸ்புக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் கையை ஒரு தட்டுத் தட்டி, ‘அதான் குடுத்துட்டீங்கல்ல’ என்றார். வெளியே ஏழுமலை ஹாரன் அடித்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வரிசையில் அடுத்து நின்ற பெரியவர், ‘மேடம், நீங்க உள்ள போனாத்தான் எங்க வேல ஆவும்’ என்றார். போய் உட்கார்ந்து அவர் செலானை வாங்கினேன். பணத்தை எண்ணி முடித்ததும், அவர் நகர்வதற்கு முன்பே கணக்கில் ஏற்றினேன்.